இரண்டாயிரத்து ஐந்நூறு நானோ

குமாசி நகரில் மின்விசிறி ரிப்பேர் செய்யும் அம்போன்சா, தன் கடைப்பலகையில் ‘விசிறி டாக்டர்’ என்று தானே எழுதிக்கொண்ட ஆள். அந்த டாக்டர் வீட்டு விசிறியே கண்டென்சர் போய் ஒரு வாரமாகச் சுற்றவில்லை. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

மனைவி செர்வா பொறுக்கமாட்டாமல் ஒரு கண்டென்சர் வாங்கி வந்தாள். அதில் 2500 நானோ என்று போட்டிருந்தது.

“அடியே, வேணுங்கிறது ரெண்டரை மைக்ரோ! ரெண்டாயிரத்து ஐநூறை மாட்டினா விசிறி கூரையையே பிச்சிக்கிட்டுப் போயிரும்!”

“அப்ப நீங்களே போய் மாத்திட்டு வாங்க டாக்டரே. புள்ள அழுவுது.”

அவர் கொண்டுபோய் நீட்டியதும், கண்டென்சர் விற்ற கடைக்காரி அதைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தாள். “ஆயிரம் நானோ சேர்ந்தா ஒரு மைக்ரோ, மாஸ்டர். ரெண்டும் ஒண்ணுதான், போங்க.”

டாக்டர் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து, எழுத்தைக் கத்தியால் சுரண்டி, மார்க்கர் பேனாவால் 2.5 மைக்ரோ என்று எழுதினார். “பாத்தியா, இதான் சரியான சரக்கு” என்று மாட்டினார். விசிறி சுற்றியது. குழந்தை கண்ணயர்ந்தது.

செர்வா அவர் கட்டைவிரலில் இருந்த மையைப் பார்த்தாள். சிரித்தால் குழந்தை விழித்துவிடும்.

“ஆமா டாக்டரே, இப்பத்தான் காத்து சரியான அளவுல வருது.”

அதையும் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.