பூங்காவனத்தின் கைமுட்டி

பருத்திப்பட்டில் பூங்காவனம் என்றால் புருசன் கையைக் கடித்தவள் என்றுதான் சொல்வார்கள். வெள்ளி தவறாமல் பொன்னியம்மனுக்கு விளக்கேற்றுகிறவள். ஆனாலும் கடித்தது மெய்தான்.

எண்பத்தேழாம் வருடம் அவர்களுடைய செம்மறிகளுக்கு உண்ணி மண்டிப்போயிற்று. புருசன் கஜபதி, நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலக்கி ஆடுகளைக் குளிப்பாட்டிவிட்டான். உச்சிப்பொழுதுக்குள் ஆடுகள் நுரை தள்ளி, குடல் புரண்டு கழிந்து, காலை உதறி விழுந்து செத்தன. மிஞ்சியது ஒரு சினையாடு. அதைப் பூங்காவனம் ரிக்‌ஷாவில் போட்டு ஆவடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் ஊசி போட்டார். "நரம்பு சொல்றத வயிறு வாங்கிக்கிற எடம் ஒண்ணு இருக்கும்மா. பூச்சிமருந்தால அங்க ஓயாம அடி விழுது. இந்த ஊசி அந்த எடத்த அடைச்சிடும். நுரை நிக்கும், வயிறும் அசையாம நின்னு உப்பும். ஊசி வேகம் தணிஞ்சா வயிறு மறுபடி அசையும். அதுவரைக்கும் தீனி காட்டாதீங்க. கறிக்கு அறுத்துடாதீங்க, விஷம்."

வீட்டுக்கு வருவதற்குள் நுரை நின்றது. வயிறும் நின்றது. நல்ல ஆட்டின் இடப்பக்கக் குழியில் கைமுட்டியை அழுத்தினால், உள்ளே ஒரு புரளல் வந்து கையைத் தூக்கும். இதற்குக் குழியே இல்லை. பானையாக உப்பிக் கிடந்தது. பூங்காவனம் அம்மனை நினைத்துக்கொண்டு முட்டியை வைத்தபடி உட்கார்ந்தாள்.

கஜபதி சாராய நெடியோடு கத்தி எடுத்து வந்தான்.

"தள்ளுமே. உசுரு கீறப்பவே அறுத்தா கறியாவது தேறும்."

"விஷம்யா. எவன் புள்ள தின்னுட்டு சாவணும்?"

"வயித்த நிறுத்துனதே அந்த டாக்டருதான். அவன் பேச்ச கேட்டுகினு குந்திகினு கீற."

"நீ குளிப்பாட்டுன அழகுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

அது அவனைச் சுட்டுவிட்டது. அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கொட்டில் கம்பத்தில் மோதினான். ரத்தம் கண்ணை மறைத்தது; முட்டி மட்டும் விலகவில்லை. ஆட்டின் கழுத்தில் கத்தி பட்டுத் தோல் கிழிந்தது. அவள் எட்டி அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். பல் எலும்பில் இடித்தது. கத்தி விழுந்தது. அவன் விலாவில் உதைத்தான், திரும்பவும் உதைத்தான்.

அப்போது அவள் முட்டி மெல்ல மேலே எழும்பியது.

வாயை விட்டாள். ரத்தம் வழிந்த அவன் கையை இழுத்து ஆட்டின் இடப்பக்கத்தில் அழுத்தினாள். "புடிச்சிப் பாருய்யா."

வைதுகொண்டே கையைப் பிடுங்கப் பார்த்தான். மறு புரளல் வந்தது. வசவு பாதியில் நின்றது. ஆடு புளித்த ஏப்பம் விட்டது.

மார்கழியில் அது குட்டி போட்டது. அவள் நெற்றியில் தழும்பு, அவன் மணிக்கட்டில் பல் வரிசை. அதன்பிறகு ஆடு குளிப்பாட்டும் நாளில் கஜபதியை அவள் கொட்டில் பக்கமே அண்டவிட்டதில்லை.