பழங்காநத்தம் ரவுண்டானாவில் சிரித்த கணக்கு டீச்சர்

காலேஜ் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கண்ணு ரெண்டும் ரோட்டில் இருந்தாலும், காது ரெண்டும் கடைசி சீட்டில்தான் கிடக்கும். அங்கே சத்தம் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்டிய அண்ணன்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் என் தலைவலியில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். கோச்சடையில் கிளம்பி, பழங்காநத்தம், அவனியாபுரம் வழியாகக் காலேஜ். இதுதான் என் ரூட்டு.

பைக்கு ஒரு சீட்டு

எங்கள் பஸ்ஸில் முன் சீட்டெல்லாம் சர்வீஸ் கணக்குப்படிதான். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் மாறாது. கோச்சடையில் ஏறும் சரோஜா மேடம் காலேஜிலேயே மூத்தவர். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவர் பை. கணக்குப் பாடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த செல்வராணி டீச்சர் முதல் நாள் பழங்காநத்தத்தில் ஏறி, "இங்க உக்காரலாமா மேடம்?" என்றது. "அது பை உக்கார்ற எடம்மா" என்றார் மேடம், தலையைத் திருப்பாமலே.

அந்தப் பிள்ளை முகம் வாடவில்லை. நேரே பின்னால் போய்க் கடைசி வரிசையில், பயல்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து ஒரு பயல் பாவமாகக் கேட்டான்: "மேம், நீங்க இங்க உக்காந்தா நாங்க யாரைப் பத்திப் பேசுறது?"

சத்தம் நின்ற காலை

ஒருநாள் வண்டி போய்க்கொண்டிருக்கிறது, பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்து யாரும் விழுந்துவிட்டார்களோ? ஓரங்கட்டி நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்புட்டுப் பேரும் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்கள். டீச்சர் சீட்டு முதுகில் காகிதத்தை வைத்து விளக்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் கேட்கக் கூச்சப்படுகிறவனெல்லாம் பஸ்ஸில் கூச்சமில்லாமல் கேட்டான்.

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருத்தன் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னான்: "அண்ணே, காலேஜு வரப்போகுது, இன்னும் ஒரு கணக்கு பாக்கி. விமான நிலையத்தைச் சுத்திட்டு வாங்கண்ணே!"

மறித்து நின்ற மொபெட்

அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருத்தர் மொபெட்டைக் குறுக்கே போட்டுப் பஸ்ஸை மறித்தார். முந்தின நாள் உரசிவிட்டேனோ என்று கையெடுத்துக் கும்பிடத் தயாரானேன். அவர் என்னைத் தாண்டி ஏறி, டீச்சர் மடியில் ஒரு பை நாட்டுக்கோழி முட்டையை வைத்தார். எங்கள் பஸ்ஸில் வரும் அவர் மகள் கணக்கில் தோற்றுத் தோற்றுப் படிப்பையே நிறுத்தப் பார்த்தவள். கடைசி சீட்டில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாஸாகிவிட்டாள்.

மனுசனுக்குக் கண் கலங்கியது, குரல் மட்டும் சண்டைக்காரன் மாதிரி வந்தது: "டீச்சரு, இப்ப மேல படிப்பேங்குறா. பாத்து வச்ச மாப்ள வீட்டுக்கு நீங்களே போனப் போட்டுச் சொல்லிருங்க!"

பத்தடிக்கு எட்டடி

எங்கள் காலேஜில், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் தாண்டாத வாத்தியார்களில் நன்றாகப் பாடம் நடத்துகிற ஒருத்தருக்கு விருது உண்டு. விருதோடு வேலையும் நிரந்தரம். செல்வராணி டீச்சருக்கு அது மூன்றாவது வருஷம். கிடைக்காவிட்டால் மே மாசத்தோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். உசிலம்பட்டிப் பக்கம் கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த அதன் அப்பா, தினமும் போனில் அதைத்தான் விசாரிப்பார். சிபாரிசு, விளம்பரம் என்று எதுவும் தெரிந்தால் பேரையே அடித்துவிடுவார்கள். கமிட்டியில் ஒருவர் நம்ம சரோஜா மேடம்.

முடிவு சொல்லும் நாள் காலையில் பழங்காநத்தம் ரவுண்டானாவில் திரும்பினேன். பத்தடிக்கு எட்டடி பிளெக்ஸ் பேனர். அதில் டீச்சர் சிரிக்கிறது. 'விருது வென்ற கணக்குச் சிங்கமே, வருக வருக!' யார் கட்டியது என்று விசாரிக்கவே வேண்டாம். நம்ம ஊர் வழக்கப்படி அடியில் கடைசி சீட்டுப் பயல்கள் பன்னிரண்டு பேரும் கும்பிட்டபடி போட்டோ போட்டிருந்தான்கள், பேரோடு. அதற்குக் கீழே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற டீச்சர் ஏறியதும் சொன்னது: "என் வேலை போச்சுண்ணே. எங்கப்பாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

கழன்ற கண்ணாடி

பயல்களுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பேர் பஸ் கூரையில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான்கள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நாங்கள் எல்லாரும் சரோஜா மேடத்தையே பார்த்தோம். அவர் பேனரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"எனக்குத் தூரப் பார்வை சுத்தமா கிடையாது டிரைவர். நான் கண்ணாடியை மாட்டுறதுக்குள்ள அந்தக் கழுதைகளை அவுக்கச் சொல்லுங்க!" என்றார். பயல்கள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் பேனரைச் சுருட்டினான்கள். அந்த அம்மாவை அன்றைக்கு மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

பன்னிரண்டு பேரும் மேடைக்கு

சாயங்காலம் கூட்டம். செல்வராணி டீச்சர் பேரைத்தான் வாசித்தார்கள். பஸ் டிரைவர் எனக்கு, கைதட்டிக் கைதட்டி உள்ளங்கையே சிவந்துபோனது. பிரின்சிபால் சார் கேடயத்தைக் கொடுத்த கையோடு, "அந்தப் பன்னிரண்டு பேரும் மேல வாங்க" என்றார். பயல்கள் ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் ஒளிந்துகொண்டே ஏறினான்கள். விடிகாலையில் அந்த வழியாகக் காரில் வந்த மனுசன் பேனரைப் பார்த்திருக்கிறார். ஆனால் கமிட்டி முந்தின நாளே முடிவெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டதாம்.

"இவங்க உங்களுக்குக் கணக்குத்தான்டா சொல்லிக் குடுத்தாங்க, பேனர் கட்டச் சொல்லிக் குடுக்கலை. அதனால இவங்க வேலை நிரந்தரம். உங்க பேனர் மட்டும் தற்காலிகமாவே இருக்கட்டும்!" என்றார்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் நல்ல பேர் வாங்குவதுகூடச் சுலபம்தான், வாங்கிய பிறகு அவர்கள் அன்பிலிருந்து வேலையைக் காப்பாற்றிக்கொள்கிற வாத்தியாருக்குத்தான் தனியாக இன்னொரு விருது கொடுக்க வேண்டும்.