நடுவில் இருப்பவள் வரவில்லை

வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றே முக்கால். எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ் நகர்ந்தபோது என் மடியில் ஒரு தாள் இருந்தது. மகள் கவிதா அனுப்பிய பயணத் திட்டம். அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் விடுதி. அம்மாவுக்குத் திருச்சி கே.கே. நகரில் பள்ளித்தோழி வீடு. சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு அவள் விமானம் இறங்கும். ஞாயிறு உச்சிவேளையில் திருவானைக்காவல் கோயிலில் மூவரும் சாமி கும்பிடுவது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது. அடியில் ஒரு குறிப்பு: ‘திருச்சி அம்மாவுக்குத்தான் பக்கம். அதுக்கு ஈடா அப்பாவுக்குக் காவிரிக்கரை.’

நானும் சுகுணாவும் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் சென்னையில், அவள் மதுரையில். இந்த ஒன்பது வருடமும் கவிதா வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். ‘அம்மா அந்த இன்சூரன்ஸ் பேப்பர் கேக்கறாங்க’, ‘அப்பா, சர்க்கரை பார்த்தியான்னு அம்மா கேக்கலை, நானா கேக்கறேன்’ என்று இரண்டு பக்கமும் தினமும் தனித்தனியாக எழுதுவாள். யார் பக்கமும் சாய்ந்ததாக நாங்கள் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவள் வேலை பார்ப்பது வளைகுடாவில் ஒரு சின்ன நாடு. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்டு மண்ணில் ஒரு வல்லரசின் விமானத்தளம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் அந்த வல்லரசோடு முறைத்துக்கொண்டிருக்கும் நாடு, அதன் கரையில் ஓர் அணு உலை. இரண்டு பேருக்கும் வேண்டியவராக இருப்பதே அந்தக் குட்டி நாட்டின் பிழைப்பு. அங்கே ஆறு கிடையாது. கடல்நீரில் உப்பை நீக்கிக் குடிக்கிறார்கள். அப்படி உப்பு நீக்கும் ஆலையில்தான் கவிதா தண்ணீரைச் சோதிக்கும் வேதியியலாளர்.

நான் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன். இம்மாதிரி நாடுகளுக்கு ‘நடுத்தர வல்லரசு’ என்று பெயர் வைத்தது நான்தான். ஆசிரியர் குழுவில் யாரும் எதிர்க்கவில்லை. கவிதா மட்டும் சிரித்தாள். “நடுத்தரமும் இல்ல, வல்லரசும் இல்லப்பா. நடுவுல மாட்டினவங்கன்னு போடு.”

விருத்தாசலம் தாண்டியதும் பெட்டியில் பலர் கைபேசியைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர் இருக்கைக்காரர் லால்குடி பக்கம் வாழைத்தார் வியாபாரம் செய்பவர். “அந்த விமானத்தளத்துல ஏவுகணை விழுந்துடுச்சாம் சார்” என்று ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொன்னார். நான் கவிதாவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. ‘நான் பத்திரம். சத்தம் மட்டும் கேட்டுச்சு. பாத்டப்புல தண்ணி புடிச்சு வெச்சுட்டேன். நாளைக்கு ஃப்ளைட் இருக்குன்னுதான் சொல்றாங்க.’ இதே செய்தி மதுரைக்கும் ஒரு நகல் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாலை ஆறு மணி சுமாருக்கு ஸ்ரீரங்கம் நிலையத்தில் இறங்கினேன். அம்மா மண்டபம் சாலையில் விடுதி, நாள் வாடகை எண்ணூறு ரூபாய். விடுதிக்காரர் நெற்றி நிறைய திருமண் இட்டிருந்த வைணவர். பதிவேட்டைத் திருப்பிவைத்து, “தனியாவா எழுந்தருளியிருக்கேள்?” என்று கேட்டார்.

“தனியாத்தான்.”

“ஆத்துல யாரும் வரலையா?”

“வருவா. வேற இடத்துல தங்கறா.” ஏன் அவர் பாஷையில் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அறையில் இரண்டு தலையணை இருந்தது. ஒன்றை எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

சனிக்கிழமை, காலை ஏழு. ராஜகோபுரத்துக்கு வெளியே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, பாலத்தின் கீழே காவிரி முக்கால்வாசி மணல். ஆறு கரையைத் தொடாமல் நடுவில் ஒடுங்கி ஓடியது. சத்திரம், மெயின் கார்டு கேட், பாலக்கரை என்று பஸ் நிரம்பி வழிந்து மத்திய பேருந்து நிலையத்தில் காலியானது. அங்கிருந்து விமான நிலையம் ஆறு கிலோமீட்டருக்குள். ஆட்டோ ஓட்டியவர் பஷீர் பாய்.

“யாரு சார் வராங்க?”

“மக.” ஊரைச் சொன்னேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “என் தம்பியும் அங்கதான் சார். தண்ணி லாரி ஓட்டுறான். ரெண்டு பெரிய மனுசங்க சண்டையில நடுவீட்டுக்காரன் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கிட்டு நிக்கிறான். இன்னிக்கி அவன் வீட்டு ஓட்டுமேலயே கல்லு விழுந்துடுச்சு. என்ன பண்ணுவான்?”

“அப்பவும் டீ போடுவான்.”

“போட்டுத்தானே சார் ஆவணும்?” என்றார். அவர் சிரிக்கவில்லை. நூற்றைம்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

புதிய முனையம் கோபுரச் சித்திரங்களோடு பளபளப்பாக இருக்கிறது. வரவேற்க வந்தவர்கள் வெளியே தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். காலை எட்டே முக்காலுக்கு அறிவிப்புப் பலகையில் கவிதாவின் விமானத்துக்கு நேரே ‘ரத்து’ என்று வந்தது. வான்வழி மூடப்பட்டுவிட்டது. ஆறு மணிக்கு அவள் கடைசியாக எழுதியது, ‘ஏர்போர்ட்ல இருக்கேன்’. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை.

கம்பி ஓரமாக, பழுப்பு நிறப் புடவையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுகுணா நின்றிருந்தாள். முடி நரைத்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அது எனக்குச் செய்தியாக வரவே இல்லை. என்னைப் பார்த்தாள். பத்தடி தூரத்தை நான்தான் நடந்து கடந்தேன்.

“மெசேஜ் வந்துச்சா?” என்றேன்.

“வரலை. அங்க?”

“இங்கயும் வரலை.”

தமிழில் ஒரு வசதி உண்டு. ஒருவரை நீ என்றும் நீங்கள் என்றும் சொல்லாமல் வாழ்நாள் முழுக்கப் பேசிவிடலாம். அங்க, இங்க. வந்தாச்சா, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா. கேட்டவரும் இல்லை, கேட்கப்பட்டவரும் இல்லை, காரியம் மட்டும் தானாக ஆகிக்கொண்டிருக்கும். எங்கள் கல்யாணத்தின் கடைசி இரண்டு வருடம் ஒரே வீட்டில் இந்த இலக்கணத்தில்தான் நடந்தது. இப்போதும் நாக்கு தானாக அதற்குப் போய்விட்டது.

“டிபன் ஆச்சா?” என்றாள்.

“ஆச்சு.” ஆகவில்லை.

அன்று பிற்பகல் இரண்டு மணி வரை அந்தக் கம்பி ஓரம் நின்றோம். காத்திருப்போர் பகுதியின் தொலைக்காட்சியில் நம் அரசாங்கத்தின் அறிக்கை ஓடியது. ‘ஆழ்ந்த கவலை’ தெரிவித்திருந்தார்கள். கவலை, ஆழ்ந்த கவலை, வருத்தம், கண்டனம் என்று அந்த ஏணியின் படிகள் எனக்கு அத்துப்படி. முன்பு ஒருமுறை தலைப்பில் இடம் போதாமல் ‘ஆழ்ந்த கவலை’யை எடுத்துவிட்டுக் ‘கண்டனம்’ என்று போட்டு, மறுநாள் திருத்தம் வெளியிட்டவன் நான். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இருக்கும் நாடுகள் இப்படி ஒரு சொல்லை எடுத்து ஒரு சொல்லை வைத்துத்தான் நாளைக் கடத்துகின்றன. நம்முடையது பெரிய நாடுதான், ஆனாலும் அன்று நாமும் அந்த வரிசையில்தான் நின்றோம். அலுவலகத்தில் இருந்தவரை இதையெல்லாம் கோழைத்தனம் என்று கிண்டல் செய்வேன். அன்று அந்தப் பக்கம் என் மகள் இருந்தாள், எனக்குக் கிண்டல் வரவில்லை.

எதிர்க்கரை அணு உலைப் பக்கத்தில் ஏதோ விழுந்தது என்று அடுத்த வரி ஓடியது. கசிவு உண்டா என்று தெரியவில்லை.

“அங்க கடல் தண்ணியத்தானே குடிக்கிறாங்க?” என்றாள் சுகுணா.

“ஆமா.”

“கசிஞ்சா?”

“தண்ணி எடுக்கறதை நிறுத்திடுவாங்க. கையிருப்பு தீர்ற வரைக்கும் தாங்கும்.” இதைக் கவிதா எனக்குச் சொல்லியிருக்கிறாள். சுகுணாவுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அம்மா பயப்படுவாள் என்று மறைத்திருப்பாள். அதே காரணத்துக்காக என்னிடம் எதையெல்லாம் மறைத்தாளோ.

இருவரிடமும் மற்றவர் எண் இல்லை. பிரியும்போது சுகுணா ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். என் எண்ணைக் கேட்டுக் கைபேசியில் பதிந்தாள், என்ன பெயரில் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அறைக்குத் திரும்பி, சாயங்காலம் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கிருந்த ஒரே ஆள் கவிதாதான், அவளைப் பற்றித்தான் பயம். துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். அழைக்கவில்லை.

ஞாயிறு, பகல் பதினொன்றரை. கவிதாவிடமிருந்து செய்தி இல்லாமல் இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. திட்டத்தில் எழுதியிருந்தது என்பதற்காகவே திருவானைக்காவலுக்குப் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், நடந்தே போய்விடலாம். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. கருவறையில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும் என்பார்கள். ‘என் டிபார்ட்மென்ட் சாமி’ என்பாள் கவிதா. கொடிமரத்தருகே சுகுணா ஏற்கெனவே வந்திருந்தாள். அவளும் திட்டத்தை மதித்திருந்தாள்.

இந்தக் கோயிலில் சாமிக்கும் அம்மனுக்கும் திருக்கல்யாணம் நடத்துவதில்லை. அவருக்குத் தனிச் சன்னிதி, அவளுக்குத் தனிச் சன்னிதி, நடுவில் நல்ல தூரம். தினமும் உச்சிவேளையில் அம்மன் சன்னிதி அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, மாலை போட்டு, மேளத்தோடும் யானையோடும் பிராகாரம் கடந்து சாமி சன்னிதிக்குப் போய்ப் பூஜை செய்துவிட்டுத் திரும்புவார். அன்றும் வந்தார். முகத்தில் வியர்வை வழிய, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, யாரையும் பார்க்காமல் எங்களைக் கடந்து போனார். வெயிலில் கல் கொதித்தது. தினமும் இதை ஒருவர் செய்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு இடையில் ஒன்பது வருடம் நடந்தவளுக்கு ஒரு நாளாவது கால் வலிக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

அர்ச்சகர் உள்ளே நுழைந்த சமயம் சுகுணாவின் கைப்பை அதிர்ந்தது. அதே நொடி என் சட்டைப்பையும். கவிதா ஒரு குழு தொடங்கியிருந்தாள். அதில் மூன்றே பேர். குழுவின் பெயர் ‘நேரடி’.

‘நல்லா இருக்கேன். ஏர்போர்ட்லேர்ந்து லேபுக்கே திரும்பிட்டேன், நேத்துலேர்ந்து நெட் இல்ல. கடல் தண்ணிய மணிக்கு ஒரு தடவை சோதிக்கறோம். இதுவரைக்கும் சுத்தம். ஆள் பத்தலை, அதனால லீவை நானேதான் கேன்சல் பண்ணினேன். ரெண்டு பேருக்கும் தனித்தனியா எழுத இனி எனக்கு நேரம் இல்ல. இதுலயே பேசிக்கோங்க.’

சுகுணா ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷமா, மகள் வராத துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. எனக்கும் இரண்டும்தான் இருந்தது.

“நீ அழாதே சுகுணா” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த ‘நீ’ என் காதில் விழுந்தது. அவள் அழுகை சட்டென்று நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“தண்ணி இருக்கா?” என்று கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். தூக்கிக் குடித்துவிட்டு, மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தாள்.

சேர்ந்து சாப்பிடுவது என்ற திட்டம் நிறைவேறவில்லை. தோழி வீட்டில் சமைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். மறுநாள் காலையில் பஞ்சப்பூர் புதிய நிலையத்திலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறப்போவதாகவும் சொன்னாள். சத்திரம் பேருந்து நிலையம் வரை ஒரே பஸ்ஸில் போனோம். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், டிக்கெட் அவளுக்கு இலவசம். சத்திரத்தில் அவள் வேறு பஸ் மாறினாள். நான் வந்த வழியே ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, தனியாக ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன்.

திங்கள், காலை. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்பதரை மணிக்குள் சென்னை வண்டி வந்துவிட்டது. ஜன்னலோர இடம். குழுவில் கவிதா மணிக்கு ஒருமுறை ஒரே சொல்லை எழுதிக்கொண்டிருந்தாள்: ‘சுத்தம்.’ வண்டி கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. கீழே கண்ணுக்கு எட்டிய வரை மணல், அதில் அங்கங்கே குட்டையாகத் தண்ணீர். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் ஒரு தீவு. இரண்டிலும் ஒரே சமயத்தில் வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சென்னையில் என் வீட்டைச் சுற்றி ஆறு எதுவும் இல்லை. யாருக்கும் நடுவில் நான் இல்லை. அதை இத்தனை நாள் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

சுகுணாவிடமிருந்து குழுவில் முதல் செய்தி வந்தது. ‘ரயில் ஏறியாச்சா?’

‘ஏறிட்டேன். நீ மதுரைக்குப் போயிட்டியா?’ என்று எழுதினேன். ‘நீ’யை ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி சேர்த்துத்தான் அனுப்பினேன்.

அரியலூர் வந்தது, போனது. அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. விருத்தாசலத்தில் கவிதா ‘சுத்தம்’ என்றாள். விழுப்புரம் நெருங்கும்போது சுகுணா எழுதினாள்.

‘வந்தாச்சு.’

கைபேசியைப் பையில் வைக்கப்போனேன். அதற்குள் அந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் அவள் எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

‘வந்துட்டேன்.’

முப்பது வருடம் பிழை திருத்தியிருக்கிறேன். இப்படி ஒரு திருத்தம் என் கைக்கு வந்ததில்லை.