ஹேங்கருக்கும் ஹேங்கருக்கும் நடுவே

மதினியை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவளுடைய மடக்கிய கைதான். கம்பியில் தொங்கும் இரண்டு ஹேங்கருக்கு நடுவே முஷ்டியை வைத்துப் பார்ப்பாள். தாராளமாக நுழைந்தால் சரி. கொஞ்சம் இடித்தாலும் ஒரு சட்டையை உருவி என் தோளில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். இடைவெளியை அளக்க எங்களுக்குக் கம்பெனியிலேயே ஒரு ஸ்கேல் கொடுத்திருந்தார்கள். அதை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. காலை பத்து மணிக்குள் என் தோள் நிறையத் துணி ஏறியிருக்கும், கடை பாதி காலியாகியிருக்கும், மேனேஜர் சார் தூரத்தில் நின்று திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனியில். பெரிய கம்பெனி என்றால் ஜரிகையும் ஜிகினாவுமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் வெள்ளை, சாம்பல், மணல் நிறம், கறுப்பு, அவ்வளவுதான். பூ கிடையாது, கரை கிடையாது, பளபளக்கிற பொத்தான்கூடக் கிடையாது. பம்பாயில் எங்கே புதுக் கடை திறந்தாலும் பத்து நாளைக்கு முன்பே எங்கள் குழு போய் இறங்கிவிடும். எதை முன்னால் மாட்டுவது, எதை உள்ளே வைப்பது, எந்தச் சுவரைச் சும்மா விடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் துணியை ஒரே கொடியில் போட்டு வளர்த்தவள், அவள் கேட்கத்தான் செய்வாள்.

அண்ணன் ஒரு மழைக்காலத்தில் ஆறே நாள் காய்ச்சலில் போய்விட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம். மதினி என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள், நாசரேத் பக்கத்துக்காரி. அம்மா பெட்டியைத் திறந்து தன்னிடமிருந்த வெளிறிய சேலைகளை எடுத்து அவளிடம் கொடுத்தாள். ஆலயத்துக்கு அதைத்தான் உடுத்தினாள். ஊருக்கு அனுப்பி வையுங்கள் என்று அவள் அப்பா கேட்டதற்கு, என் மகன் இருந்த வீட்டில் அவள் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மதினியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு மாதம் அந்த அறைக்குள்ளேயே இருந்தவளைப் பார்க்கச் சகிக்காமல், காட்கோபரில் புதுக் கடை திறக்கத் துணிகளுக்கு ஆவி இஸ்திரி போட ஆள் வேண்டும் என்று சார் சொன்னபோது அவள் பெயரைச் சொன்னேன். இப்படித்தான் அவள் என்னோடு வேலைக்கு வந்தாள்.

வந்த மூன்றாம் நாளே ஒரு கூத்து. கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மத்தியானம் பார்வையிட வருகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் சீக்கிரமே டீ குடிக்கக் கீழே போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கம்பியெல்லாம் துணி. சட்டைக்கு மேல் சட்டை, கால்சட்டைக்கு மேல் கால்சட்டை, பின்னறையில் மடித்து வைத்திருந்த முழுச் சரக்கையும் மதினி தன் கையால் கொண்டு வந்து மாட்டியிருந்தாள். நெற்றி வேர்க்க, மூச்சு வாங்க, பெருமையாக நின்றாள். எங்கள் தாராவியில் துணிக்கடை என்றால் கூரை வரைக்கும் தொங்க வேண்டும். கம்பியில் இடம் காலியாகத் தெரிந்தால் கடைக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று பேச்சு கிளம்பிவிடும். அதிகாரிகள் வரும் நேரத்தில் கடை மானம் போகக் கூடாதே என்று அவள் செய்த உபகாரம் அது. சார் வாயைத் திறந்தபடி நின்றார். நான் இந்தியில் என்னென்னவோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு மணி நேரம்தான் இருந்தது. எல்லோரும் ஓடி ஓடி உருவினோம். அப்போதுதான் மதினி முஷ்டியை வைத்து அளக்க ஆரம்பித்தாள். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று நான் ஒரு தடவை காட்டியதோடு சரி. அவள் நான் சொன்னதையும் தாண்டிப் போனாள். கடைசிச் சுவரில் ஒரே ஒரு சாம்பல் நிற அங்கியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அதிகாரிகள் அந்தச் சுவருக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். எப்படி மதினி என்று கேட்டேன். இஸ்திரிக் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "இல்லாத எடந்தான்ட்டி பளிச்சுனு தெரியும்" என்றாள். அண்ணனைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. அன்றைக்குப் பேசியதும் அவனைப் பற்றித்தான் என்று எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

கிண்டலும் அவளுக்கு நன்றாக வரும். ஒருநாள் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு புதுத் தொகுப்பு வந்து இறங்கியது. பணக்காரப் பெண்கள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். மதினி என் காதோரம் வந்து, "இதுக்குப் போயா இந்தப் போட்டி? எங்க அத்த எனக்குச் சும்மாவே தந்தாகளே" என்றாள். நான் பின்னறைக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் வெளியே வர முடியவில்லை.

அந்த இரண்டு வருஷம் போல இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. சயான் ஸ்டேஷனுக்கு ஒன்றாக நடப்போம். லேடீஸ் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளாக ஓரத்தில் ஒண்டிக்கொள்ள ஒரு இடம் கிடைக்கும். அதில் குர்லா வரை அவளும், அங்கிருந்து காட்கோபர் வரை நானும் உட்காருவது என்று பேச்சு. அவள் எழுந்திருக்கவே மாட்டாள். கேட்டால், அண்ணன் பொண்டாட்டிக்கு மரியாதை குடுக்கத் தெரியாதா என்பாள். பிறகு குர்லா தாண்டியதும் தானே எழுந்து என்னைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைப்பாள். அக்கா தங்கச்சி இல்லாமல் வளர்ந்தவள் நான். வீட்டில் அம்மாவின் அழுகைக்கு நடுவே, இரண்டு பேரும் பாயில் படுத்துக்கொண்டு அடுத்த கடையில் எந்தச் சுவரைக் காலியாக விடலாம் என்று பேசிக்கொண்டிருப்போம். அவள் இஸ்திரியிலிருந்து உயர்ந்து என் குழுவிலேயே மாட்டும் வேலைக்கு வந்துவிட்டாள். என்னைவிட நன்றாகச் செய்தாள். அதில் எனக்குப் பொறாமை வரவில்லை, பெருமைதான்.

அப்போதுதான் கோயம்புத்தூரில் கடை திறப்பதாகப் பேச்சு வந்தது. தமிழ் தெரிந்த, வேலை தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மதினி போவாளா என்று கேட்டார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீ வீட்டு ஆள், அதனால் உன்னிடம் கேட்கிறேன் என்றார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வரமாட்டாள் சார், வீட்டு நிலைமை அப்படி, அம்மா விடமாட்டாள் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த தாளில் ஒரு பெயரை அடித்தார். நான் வெளியே வந்தேன். மதினி ஒரு கோட்டைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். என்னவாம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அம்மாவுக்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அம்மாவின் நினைப்பே அப்போது எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு மதினி கொஞ்சம் அடங்கிப்போனாள். ரயிலில் சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து அதே ஊரில் இரண்டாவது கடை வந்தபோது, யாரிடமும் கேட்காமல் அவளே சாரிடம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டில் இடி விழுந்தது. அம்மா கத்தாத கத்தல் இல்லை. புறப்படும் நாளில் மதினி அம்மாவின் முன்னால் முழங்கால்போட்டு, "ஜெபம் பண்ணி அனுப்புங்க அத்த" என்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மதினி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானே கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எழுந்தாள். குர்லா டெர்மினஸுக்கு நான் மட்டும்தான் போனேன். பெட்டியை ஏற்றிவிட்டு நின்றேன். வண்டி நகரும்வரை சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

போன வருஷம் அவளுக்கு அங்கே கல்யாணம் ஆயிற்று. சரக்கு வண்டி ஓட்டுகிறவராம். ஆலயப் படியில் இரண்டு பேரும் நிற்கிற படம் வந்தது. நல்ல மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு கட்டியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது. நன்றி கெட்டுப் போனவள் என்பது அம்மாவின் தீர்ப்பு. நான் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சென்ற வாரம் செம்பூரில் எங்கள் புதுக் கடை திறந்தது. ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, கூட்டம் உள்ளே போனதும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நன்றாக மாட்டியிருந்தோம், குறையொன்றும் இல்லை. ஆனால் அதைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தாள், கடையைப் பற்றிக் கேட்டாள். நடுவில் நான் சம்பந்தமில்லாமல், "முதல் தடவ ஒங்கள கோயம்புத்தூருக்குக் கேட்டப்போ, நீங்க வரமாட்டீகன்னு நாந்தான் சார்ட்ட சொன்னேன் மதினி" என்றேன்.

"தெரியும்ட்டி. மறுநாளே சார் சொல்லிட்டாரு. இப்பவும் பேர எழுதவான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. வேண்டாம் என்றவள் பிறகு ஏன் போனாள் என்று கேட்டேன்.

"நீ வந்து ஒன் வாயால சொல்லுவன்னு ஒரு வருசம் பாத்தேன். சொல்லிருந்தா போயிருக்க மாட்டேன்ட்டி."

கோபமாகச் சொல்லவில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வாங்கியவர்கள் பையோடு என்னைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு முடியாது மதினி, போகாதீர்கள் என்று அன்றைக்கு அவளிடமே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான், அவள் வரமாட்டாள் என்று வேறொருவரிடம் போய்ச் சொன்னேன்.