சிவப்பு மையில் பதினோரு வரி

வடகரை மசூதுக்குப் பிழைப்பு தறியில், மனசு நாடகத்தில். கதை வசனம் எழுதுவதும் அவர்தான், யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று ஆட்டி வைப்பதும் அவர்தான். ஏழு நாடகம் போட்டாயிற்று. எட்டாவதை 1957 சீசனில் குற்றாலத்தில் போடுவதாக ஏற்பாடு. தறிக்கொட்டகையில் ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. சன்னலில் எந்நேரமும் கூட்டம். சட்டப்படி ஒரு பிரதியைப் போலீசில் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டி அதைத் திருப்பி எறிந்தார். பதினோரு வரி சிவப்பு மையில் அடிபட்டிருந்தது. அத்தனையும் கூலிக்காரி பண்ணையாரைப் பார்த்துக் கேட்பவை. சுந்தரபாண்டியின் மாமனாரும் ஒரு பண்ணையார்.

"தறிய மிதிச்சோமா, கஞ்சியக் குடிச்சோமான்னு கெடக்க மாட்டியோ? ஒனக்கு எதுக்குலே வசனம்?"

"நாடகத்துக்கு வசனம் வேணும்லா ஐயா."

"கொழுப்பு! அடிச்சதுல ஒரு சொல்லு மேடையில கேட்டுது, பெறகு இந்த ஜில்லாவுல நீ படுதா கட்ட மாட்டே."

"மேடையில கேக்காது" என்றார் மசூது. படுதா கட்டாமல் வெறுந்தறியோடு கிடப்பதற்குச் செத்துப்போகலாம்.

கூலிக்காரி வேஷக்காரி குருவம்மாள் கொதித்தாள். "அத விட்டா நான் என்னத்தப் பேசுததுக்கு பாய்? மூஞ்சியக் காட்டிட்டுப் போவவா?"

"பேசாண்டாம். பேச எம்புட்டு நேரம் ஆவுமோ, அம்புட்டு நேரம் பண்ணையார மொறச்சுக்கிட்டு நில்லு."

நாடகத்தன்று சாரல் பந்தலில் சடசடத்தது. முதல் வரிசையில் சுந்தரபாண்டி பிரதியை மடியில் விரித்து வரிக்கு வரி விரலை ஓட்டினார். அடித்த இடம் வந்தது. குருவம்மாள் வாயை மூடிக்கொண்டு முறைத்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது: "நாங்க அறுத்த நெல்ல எங்களுக்கே பிச்சையாப் போடுதீரோ?"

ஒத்திகையின்போது ஊர்க்காரர்கள் சன்னலில் நின்று கேட்ட வரி. அடுத்த வரியைப் பத்துப் பேர் சொன்னார்கள். பதினோராவதைப் பந்தலே சொன்னது.

"எவம்லே அது? நிறுத்துலே!" சுந்தரபாண்டி மேடைக்குப் பாய்ந்தார்.

மசூது பிரதியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்துக்கிடுங்க ஐயா. எங்காளுக ஒரு சொல்லு மிஞ்சிப் பேசல."

"ஒன் கழுத்து ஒருநா ஆப்புடும்லே."

ஒன்பதாவது நாடகத்துக்கு அனுமதி தராமல் சுந்தரபாண்டி எட்டு மாதம் இழுத்தடித்தார். மறுக்கக் காரணம் எழுத முடியவில்லை. பிரதி திரும்பி வந்தபோது ஒரு வரிகூட அடிபடவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஓர் உத்தரவு: மேடையில் எவரும் பேசாமல் நிற்கக் கூடாது.

மசூது அதைக் குருவம்மாளிடம் நீட்டிச் சொன்னார்:

"பேசச் சொல்லுதாரு. பேசிருவோம்."