ஆண்கள் பக்கத்து பெஞ்ச்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருவள்ளூர் சர்ச்சில் ஒரு புரட்சி நடந்தது. சிரிக்காதீர்கள்... நிஜமாகவே புரட்சிதான்!

புதிதாக வந்திருக்கும் ஐயர் – பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம் – ஆராதனை தொடங்குமுன் அறிவித்தார். "இனிமேல் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிந்து உட்கார வேண்டாம். குடும்பம் குடும்பமாக உட்காருங்கள்."

ஒரே சந்தோஷம். பெஞ்சுகள் கிறீச்சிட, ஆளாளுக்கு எழுந்து இடம் மாறினார்கள்.

நான் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. மணவாள நகர் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் இல்லாததுதான் கண்ணில் படுகிறது. அவர் வேலை முடிந்து வரும் சாயங்கால ரயில் சத்தம் கேட்டால் கை தன்னால் ஸ்டவ்வைப் பற்ற வைக்கிறது. காபி யாருக்கு?

ஆனால் சர்ச்சில் அப்படியில்லை. ஏன் தெரியுமா? கல்யாணமான நாள் முதல் அங்கே அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது! அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரு நடைபாதை. அதனால் என் பெஞ்சில் காலியிடம் என்று ஒன்று இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினால், அவர் எதிர்ப்பக்கம் இருப்பது மாதிரியே இருக்கும். நம்மை விட்டுப் போனவர்களும் பரலோகத்தில் நம்மோடு சேர்ந்துதான் ஆண்டவரைத் துதிக்கிறார்கள் என்பார்கள். அதை நான் முழுசாக நம்பியது அந்த பெஞ்சில்தான். வாரமெல்லாம் அடக்கி வைத்ததை ஆண்டவரிடம் கொட்டிவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவேன்.

இப்போது அதுவும் போயிற்றா?

வலது பக்கம் ஒரு குடும்பம், இடது பக்கம் ஒரு குடும்பம், நடுவில் நான். வீட்டுக்கே போய்விடலாம் என்று எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். சிநேகிதி ஸ்டெல்லா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, எங்க போய்க்கினு கீற?"

"யாரோட உக்கார்றதுன்னு தெரியலடி."

அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

"குடும்பத்தோட தானே உக்காரச் சொன்னாரு? போய் அண்ணன் எடத்துல உக்காருக்கா. எவன் இன்னா சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்."

போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆண்கள் பக்கம், தூணை ஒட்டிய ஓரம் – அதுதான் அவர் இடம். ஃபேன் காற்று எட்டாது. பிரசங்கம் செய்யும் ஐயரின் முகத்தைக்கூடத் தூண் மறைக்கிறது. இதற்காகவா இந்த மனுஷன் ஞாயிறுதோறும் முதல் மணி அடிக்குமுன்னே வந்து இடம் பிடித்தார்?

முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அவரை உம்மிடம்தான் விட்டிருக்கிறேன். என்னையும் பார்த்துக்கொள்ளும்..." முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், அத்தனை பேர் பார்க்க அழுதேன். யாரோ முதுகில் கை வைத்து, "நான் இருக்கிறேனே" என்று சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை. எழுந்தபோது மனசு லேசாகியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இடத்தில் உட்கார்ந்தேன். பீடம் தெரியவில்லை. ஐயர் தெரியவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் தடங்கலில்லாமல் தெரிந்தது ஒன்றே ஒன்று – பெண்கள் பக்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் இடம்.

இத்தனை வருஷத்தில் மனுஷன் ஒரு பிரசங்கமாவது கேட்டிருப்பாரா? ஆண்டவர் மன்னிக்கட்டும்... நான் மன்னித்துவிட்டேன்!