மஞ்சள் துணியில் முடிந்த போன்

ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் போன் எதற்கு என்று யாராவது என் எதிரில் பேசினால், வாயில் வந்தபடி திட்ட வேண்டும் போல இருக்கும். ஆனால் திட்டமாட்டேன். எந்த வாயால் திட்டுவது? எங்கள் தெருவில் அந்தக் கேள்வியை எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டவள் நான்தானே.

கரியமாணிக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு நடவு, களையெடுப்பு, கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலை உரிக்கிற வேலை. வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். எங்களுக்கு ஒரே பெண். கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடமே போனுக்குள் போய்விட்டபோது எங்கள் வீட்டில் போன் இல்லை. அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, அந்த வீட்டுப் பிள்ளையின் போனை எட்டிப் பார்த்துத்தான் அந்த வருஷம் படித்தாள். வெயில் ஏறினால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதோடு அன்றைய பாடம் முடிந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறாமல்தான், அவள் பதினொன்றாவது போனதும் அவள் அப்பா கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் பாடம் பார்த்துத்தான் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள். இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதுதான் என்னை அரிக்கிறது.

நர்சிங் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளைவிட எனக்கு ஆசை. எங்கள் தெருவில் சேற்றில் கால் வைக்காமல் சம்பாதித்த பொம்பளை ஒருத்தியும் கிடையாது. இவளாவது செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகட்டும் என்று எத்தனை வரப்பில் நின்று வேண்டியிருப்பேன்!

பாகூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சீட்டுக்கு மனு போட்டோம். எல்லாமே கம்ப்யூட்டரில்தான். நம்பர் கேட்டார்கள், இவள் தன் போன் நம்பரைச் சொன்னாள். அதற்கு ஓ.டி.பி. வந்தது. அதைச் சொன்னதும் மனு போய்ச் சேர்ந்துவிட்டது. சென்டரில் இருந்தவர், "சீட்டு கெடச்சா இந்த நம்பருக்குத்தான் மெசேஜ் வரும்மா. பாத்துக்கினே இரு" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் காதிலும் விழுந்தது.

ஆனால் அதற்குப் பிறகு என் காதில் வேறு நிறைய விழுந்தது. அப்போது நடவு நாள். ஒரு வயலில் பதினைந்து பேர் குனிந்தால் பதினைந்து வாயும் சும்மா இருக்குமா? "பரீச்சையும் முடிஞ்சிடுச்சி. பொட்டப்புள்ள கையில போனைக் குடுத்து வூட்ல தனியா வுட்டுட்டு, நீ இங்க நாத்து நடுறியா? மடியில நெருப்பக் கட்டிக்கினு நடுறடி நீ" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, பக்கத்து ஊரில் எவனோடோ போய்விட்ட பெண்ணின் கதையைச் சொன்னாள். நாங்கள் நட்டது ஒரு பெரிய விவசாயியின் வயல். அவருடைய பெண்ணும்தான் வரப்பில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி எவளாவது வாய் திறந்தாளா? இருக்கிற வீட்டுப் பிள்ளை வழுக்கினால் தூக்கிவிட ஆள் உண்டு. நம் பிள்ளை வழுக்கினால் அதோடு போச்சு. அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

அன்றைக்கு இடுப்பு ஒடிந்து வீடு திரும்பினால், உலை வைக்கவில்லை. இவள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்தது பார் கோபம்! வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ஃபிரண்டுதான்மா. எங்கூடப் படிச்ச பொண்ணு. நீயே பாரும்மா."

"எனக்கு இன்னாடி தெரியும் அதுல? பொண்ணுன்னும் காட்டுவே, பூனைன்னும் காட்டுவே!"

பெண்தான். எங்களோடு நடவுக்கு வருகிறவளின் மகள்தான். அன்றைக்கு நான் அந்தப் போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேண்டுதல் என்றால் மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, மாரியம்மன் படத்துக்குக் கீழே கட்டிவிடுவோம். வேண்டியது நடக்கிறவரை முடிப்பை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் சாமிக் குத்தம். மறுநாள் வெள்ளிக்கிழமை. தலை முழுகிவிட்டுக் காசை முடிந்தேன். காசோடு போனையும் ஆஃப் பண்ணி உள்ளே வைத்து முடிந்தேன். அப்படி யாரும் செய்ததில்லை. எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. பூட்டி வைத்தால் சாவி தேடுவாள், சாமி முடிப்பை எப்படித் தொடுவாள்? 'தாயே, என் பொண்ணுக்கு நர்சிங் சீட்டு குடு. என் முடியை உனக்குக் குடுக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டேன்.

"மா, மெசேஜ் அதுலதான்மா வரும்" என்றாள் மகள்.

"கெடச்சா தபால்ல வராதா? ரேஷன் கார்டு வரல? ஆதார் வரல? ஃபார்ம் போட்டாச்சு இல்ல, மிச்சத்த அந்தத் தாயி பாத்துப்பா."

ஒரு வாரம் பொறுத்துவிட்டுப் பாகூருக்குத் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரில் அந்த மனுவைத் திறந்து பார்க்கவும் ஓ.டி.பி. வேண்டுமாம். அதுவும் அதே நம்பருக்குத்தான் வருமாம். வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவ அவுத்துப் பாத்துட்டு மறுபடியும் கட்டிடலாம்மா" என்றாள். அவள் அப்பாவும், "அவுருடி, புள்ள கேக்குதுல்ல" என்றார்.

"சாமிகிட்ட வெளாட்டா? போன வருஷம் இவளுக்கு அம்மை போட்டு நான் பட்ட பாடு போதாதா? இன்னொரு தபா வந்தா நீயாய்யா வேப்பிலைய வெச்சிக்கினு உக்காருவே?" என்று கத்தினேன். மகள் எழுந்து போய் உலை வைத்தாள்.

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றாள். அவர் சைக்கிளை நிறுத்தாமலே போய்விடுவார். நானும் வேலை முடிந்து வந்ததும், "வந்திச்சா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள்.

ஒரு நாள் களையெடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஃபிரண்டின் அம்மா எனக்கு அடுத்த வரிசையில் இருந்தாள். "எம் பொண்ணு சேந்துட்டா. உம் பொண்ணு எந்தக் காலேஜி?" என்று கேட்டாள்.

"இன்னும் வரல."

"அய்ய! லிஸ்ட்டு வுட்டு ஒரு வாரம் ஆவுதே. எம் பொண்ணு எத்தினியோ தபா உம் பொண்ணுக்கு போன் போட்டாளாம், சுச்சாப்புன்னே வருதாம். மெசேஜ் வரல உங்களுக்கு?"

கையிலிருந்த களையைப் போட்டுவிட்டு ஓடினேன். சேற்றுக் காலோடு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். மஞ்சள் காய்ந்து முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. நகத்தால் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். காசு எங்கேயோ உருண்டு போனது. போனில் சார்ஜ் இல்லை. வயரைச் சொருகிவிட்டு, நானும் மகளும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

உயிர் வந்ததும் டிங் டிங் என்று வரிசையாக மெசேஜ் விழுந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். அவள் படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இன்னாடி போட்டிருக்கு? சொல்லித் தொலையேன்!"

"சீட்டு கெடச்சிருக்குமா."

"தாயே!" என்று கும்பிட்டுவிட்டேன்.

"சேர்றதுக்குக் கடைசி நாளு முந்தாநேத்து."

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்து, சீட்டு கொடுக்கிற ஆபீசுக்கு ஓடினோம். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அந்த சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுச்சிம்மா" என்றார். "மூணு தபா மெசேஜ் போயிருக்கு. பாக்காம இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"சாமிக்கு முடிஞ்சு வெச்சிருந்தேன் சார்."

"எதை?"

"போனை."

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தார். "அடுத்த வருஷம் போடும்மா" என்றார். அவர் காலில் விழலாம் என்றால் நடுவில் சுவர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்கே அசிங்கமாக இருந்தது. மகள்தான் என் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாள் முழுக்க அந்த வீட்டில் தனியாகத்தானே இருந்தாள்? எனக்குத் தெரியாமல் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டி வைத்திருந்தால் நான் கண்டேனா? அவள் செய்யவில்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பெண்ணாக வளர்த்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். இதுதான் அந்தப் பெருமை.

ஒரு வாரத்தில் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தெருமுனைக்கு வேன் வரும். உள்ளே போகிறபோது போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அடுத்த வருஷம் மனு போடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "பாக்கலாம்மா" என்பாள். முன்னே மாதிரி முகம் பார்த்துச் சொல்வதில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. மொட்டை போடக் கிளம்பினேன். வீட்டுக்காரர், "சீட்டுதான் பூடுச்சே. மொட்டை இன்னாத்துக்கு?" என்றார்.

"அவ குடுத்துட்டாய்யா. நான்தான் கை நீட்டி வாங்கல. வேண்டினது வேண்டினதுதான்."

கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மகள் லீவு போட்டுவிட்டு வந்து, பின்னால் துண்டும் சொம்பும் வைத்துக்கொண்டு நின்றாள். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா வேண்டுதல்மா?"

"பொண்ணுக்கு நர்சிங் சீட்டு" என்றேன்.

"கெடச்சிதா?"

கத்தி நடு மண்டையில் நின்றது.

"கெடச்சிதுண்ணா" என்றாள் மகள். "நீங்க வழிங்க."